எதிரே இருப்பவள் என் சோடி

கரம் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "அதில் எழுத என்ன இருக்கிறது?" என்று தோழிகள் சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. சல்லியில் வாடைக் காற்று வீசத் தொடங்கி, வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாரி காலத்தில் கரம் பலகையைச் சுற்றி ஆட்கள் இல்லாத மாலைப்பொழுது இல்லை. எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுத்தான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது வீட்டுக் கரம். எங்கள் வீட்டில் கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 10, சிவப்புக்கு 50 என்று எண்ணுவோம். அடுத்த வீட்டில் கணக்கு வேறு. எழுதிய விதிப்படி ஆடும் கரம், அதிலும் இருவர் இருவராக ஆடும் இரட்டையர் ஆட்டம், இன்னொரு விளையாட்டு என்றே சொல்லலாம். அதை மாணவிகளும் பெற்றோரும் அறிந்துகொண்டால் நம் கல்லூரியிலேயே ஒரு நல்ல போட்டியை நடத்தலாம். அதற்காகவே இக்கட்டுரை.

விதிகள் எங்கிருந்து வந்தன?

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டைக் கேரம் என்பார்கள். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகளை நாடுகளுக்குப் பொதுவாக்கும் சர்வதேச கரம் சம்மேளனம் 1988ஆம் ஆண்டு சென்னையில் உருவானது. அதன் விதிப்படி ஆடுபரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. சதுரம். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு நிற ராணி 1 என மொத்தம் 19 காய்கள். ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது.

ஒருமுறை காய்களை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு போட். முதலில் அடித்துக் காய்களைக் கலைப்பவருக்கு வெள்ளை. தம் நிறக் காய்கள் ஒன்பதையும் முதலில் குழியில் போட்டவர் போட்டை வெல்வார். எதிர்த்தரப்பின் காய்கள் எத்தனை பலகையில் மிஞ்சியுள்ளனவோ அத்தனை புள்ளிகள் அவருக்குக் கிடைக்கும். ராணியையும் அவரே எடுத்திருந்தால் மேலும் 3 புள்ளிகள். ஆகவே ஒரு போட்டில் பெறக்கூடிய உச்சம் 12 புள்ளிகள்.

ராணியை எடுக்கவும் ஒழுங்கு உண்டு. தம் காய் ஒன்றையாவது முதலில் போட்டிருக்க வேண்டும். ராணி விழுந்த அடியிலேயோ அதற்கடுத்த அடியிலேயோ தம் காய் ஒன்றைப் போட்டு ராணியை உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ராணி மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். ராணி பலகையில் இருக்கும்போதே தம் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் அந்தப் போட் எதிர்த்தரப்புக்குப் போய்விடும்.

25 புள்ளிகளை முதலில் எட்டுபவர், அல்லது 8 போட்கள் முடிகையில் முன்னணியில் இருப்பவர், ஒரு கேமை வெல்வார். மூன்று கேம்களில் இரண்டை வெல்பவருக்கு மெச். 22 புள்ளிகளை எட்டியவருக்கு அதன்பின் ராணிக்கான 3 புள்ளிகள் கிடைக்காது. உதாரணமாக, 22இல் நிற்கும் ஒருவர் ராணியையும் எடுத்துப் போட்டையும் வென்று, எதிரியின் காய்கள் இரண்டு மிஞ்சியிருந்தால், அவருடைய கணக்கு 24தான். வெற்றிக்கு இன்னும் ஒரு போட் ஆட வேண்டும். பின்தங்கியவருக்கு அது ஒரு வாய்ப்பு.

இருவர் ஆடும்போது

இரட்டையர் ஆட்டத்தில் சோடிகள் எதிரெதிரே அமர்வார்கள். இருவருக்கும் ஒரே நிறக் காய்கள், ஒரே புள்ளிக் கணக்கு. முறை பலகையைச் சுற்றி நகரும். ஆகவே எனக்கும் என் சோடிக்கும் நடுவில் எப்போதும் எதிரணியினர் ஒருவர் ஆடுவார். காய் கலைக்கும் உரிமையும் இவ்வாறே சுற்றிவரும். எட்டுப் போட்களும் ஆடப்பட்டால் நால்வரும் ஆளுக்கு இரண்டு தடவை காய் கலைத்திருப்பார்கள்.

ஒருவர் செய்யும் தவறு இருவரையும் சேரும். நான் ஸ்ட்ரைக்கரைக் குழியில் விழுத்தினால், நாங்கள் ஏற்கெனவே போட்ட காய்களில் ஒன்று தண்டனையாக மீண்டும் பலகைக்கு வரும். அந்தக் காயைச் சோடி போட்டிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஓர் அடிக்கு 15 விநாடிகள் மட்டுமே. அடிக்கும்போது இருக்கையை விட்டு எழுவதோ அதை நகர்த்துவதோ கூடாது.

நம் வீட்டு ஆட்டத்திலிருந்து மிகவும் வேறுபடுவது இனிச் சொல்லும் விதி. ஆட்டம் நடக்கும்போது சோடிகள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது. கண்ணாலோ கையாலோ சைகை காட்டவும் கூடாது. வீட்டில் நாங்கள் ஆடினால் சோடியைவிடச் சோடியின் வாய்தான் அதிகம் ஆடும். "அதை விடு, இதை அடி" என்று நானா கத்துவார். உம்மா குசினியிலிருந்து வந்து ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார். வெளியூரில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் எனக்குத் தெரிந்த மாணவிகள் இருவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஒருத்தி "மெதுவா அடி" என்று சொல்லிவிட்டாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இப்படி ஒரு விதி உண்டென்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதன்பின் இருவருடைய கைகளும் நடுங்கத் தொடங்கின. கேம் கைவிட்டுப் போயிற்று. அவர்கள் தோற்றது திறமைக் குறைவால் அல்ல.

பேசாமல் எப்படிச் சேர்ந்து ஆடுவது? பலகையைச் சோடியின் பக்கத்திலிருந்து பார்க்கப் பழக வேண்டும். என் வலப்பக்க மூலைக் குழியின் வாயில் ஒட்டிக் கிடக்கும் காய் எனக்குப் பெரும் சிரமம். எதிரே அமர்ந்திருக்கும் சோடிக்கோ அது நேரே தெரியும். ஆகவே என்னால் ஒரு காயைப் போட முடியாத வேளையில், அதை என் பக்கத்துக் குழியருகே தள்ளி வைத்தால் சோடிக்கு வழி செய்து கொடுத்தவளாவேன். அதே காய் அந்தக் குழியை எதிரணிக்கு மறைத்தும் நிற்கும். ராணியைத் தொடும் முன்னும் யோசிக்க வேண்டும். உறுதிப்படுத்த வாய்ப்பான காய் எனக்கு இல்லை, அவளுக்கு உண்டு என்றால், ராணியை அவளுக்கு விட்டுவைப்பதே நல்லது. தனியாட்டத்தில் கெட்டிக்காரியான ஒருத்தி இரட்டையரில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: எல்லாக் காய்களையும் தானே போட நினைப்பாள்.

பனிக்கட்டியின் மேலே ஒரு சோடி

காயைச் சறுக்கவிட்டு இலக்கை அடையும் இன்னொரு விளையாட்டு குளிர்நாடுகளில் உண்டு. கேர்லிங் என்பது அதன் பெயர். அங்கே ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தரையில் தள்ளுவார்கள். வழக்கமாக நால்வர் ஆடும் இவ்விளையாட்டின் கலப்பு இரட்டையர் வடிவம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாக ஆடுவது, 2018இல் தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. கனடா தங்கம் வென்றது.

அதிலும் 8 சுற்றுகள்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு 5 கற்கள். அவற்றோடு முன்கூட்டியே தரையில் வைக்கப்பட்ட கல் ஒன்று. ஒருவர் முதற்கல்லையும் ஐந்தாம் கல்லையும் தள்ளினால் மற்றவர் நடுவிலுள்ள மூன்றையும் தள்ள வேண்டும். நன்றாக ஆடுபவரே எல்லாவற்றையும் ஆடிவிட முடியாது. நம் பலகையில் முறை சுற்றிவருவதன் நோக்கமும் அதுவே. ஒரு வித்தியாசம், அவர்கள் சத்தமிட்டுப் பேசிக்கொண்டே ஆடலாம். நாம் மௌனமாக ஆட வேண்டும். அந்த வகையில் நம் விளையாட்டே கடினமானது என்பேன்.

போட்டியை எப்படி நடத்தலாம்?

எட்டுச் சோடிகள், அதாவது பதினாறு மாணவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலகல் முறையில் 7 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். ஆனால் பாதிச் சோடிகள் ஒரே ஆட்டத்துடன் வீட்டுக்குப் போக நேரிடும். எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் முறையில் 28 ஆட்டங்கள். ஒரு நாளில் முடியாது. நான்கு நான்காக இரண்டு குழுக்கள் பிரித்தால் குழு ஆட்டங்கள் 12, அரையிறுதி 2, இறுதி 1 என 15 ஆட்டங்கள் வரும்.

உலகப் போட்டிகளில் கையாளப்படும் சுவிஸ் லீக் என்ற முறையும் உண்டு. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சமமான வெற்றிகள் பெற்றவர்கள் தம்முள் மோதுவார்கள். எட்டுச் சோடிகளுக்கு 3 சுற்றுகள், 12 ஆட்டங்கள் போதும். மூன்றிலும் வென்ற சோடி கடைசியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தோற்றவர்களும் மூன்று ஆட்டங்கள் ஆடியிருப்பார்கள். நான்கு பலகைகள் கிடைத்தால், ஆட்டத்துக்கு ஒரு கேம் என்று வைத்து, மூன்றே அமர்வுகளில் முடித்துவிடலாம். நம் கல்லூரிக்கு இதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

சின்ன வயதில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே பலகையில்தான் ஆடுகிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் பலகை வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறது: கடை வாசலுக்கு, கடற்கரை வாடிக்கு. நானாமார் தொடர்ந்து ஆடித் தேர்ச்சி பெறுகிறார்கள். எங்கள் விரல்கள் அந்த வயதோடு நின்றுவிடுகின்றன.

பந்தயம் வைத்து ஆடுவதைப் பார்த்துவிட்டுக் கரம் என்றாலே சூது என்று சில பெற்றோர் முகம் சுளிப்பதுண்டு. பந்தயம் வைத்தால் எந்த விளையாட்டும் சூதுதான். பாடசாலையில், ஆசிரியைகள் முன்னிலையில், நடுவர் வைத்து ஆடும் கரத்தில் அதற்கு இடமில்லை. இதற்கு மைதானம் வேண்டாம். வெயிலில் நிற்க வேண்டாம். உடை மாற்றவும் வேண்டாம். ஒரு மண்டபமும் நான்கு பலகைகளும் போதும். மஃரிபுக்கு முன்பே பிள்ளைகள் வீடு வந்து சேரலாம்.

இலங்கைக்கு இது அந்நியமான களமும் அல்ல. 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் ஆடவர் தனியாட்டத்தில் நம் நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ உலகச் சம்பியனானார். சென்னையைச் சேர்ந்த காசிமா என்ற பெண்ணையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தனியாட்டம், இரட்டையர், அணி ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. இப்போது என் வயதும் அதுதான். அவர் ஆடிய பலகையும் நம்முடையதைப் போன்ற 74 செ.மீ. பலகைதான். வாப்பாமாரும் உம்மாமாரும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் இல்லத்துக்கு இரண்டு சோடிகள் வீதம் இரட்டையர் கரத்தையும் சேர்க்கும்படி அதிபர் அவர்களையும் ஆசிரியைகளையும் கேட்டுக்கொள்கிறேன். தோழிகளே, அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த விடுமுறையில் வீட்டில் பலகையை எடுத்து வைத்து, நால்வராக அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரே ஒரு போட் ஆடிப் பாருங்கள். எதிரே இருப்பவளை எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.