அரசுக்கு ஒரு மதம் தேவையா?

ஒரு நாடு அரசு மதம் ஒன்றை ஏற்கலாமா? 1972ஆம் ஆண்டு இலங்கை அரசியல் சட்டம் பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. 1988இல் வங்கதேசம் இஸ்லாமை அரசு மதமாக்கியது. பாரதம் வேறு வழியைத் தேர்ந்தது. நமது அரசியல் சட்டத்தின் 25ஆவது ஷரத்து அனைவருக்கும் வழிபாட்டுரிமை வழங்குகிறது. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 27ஆவது ஷரத்து. முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனைக்கு இடமில்லை என்பது 28ஆவது ஷரத்து. ‘சமயச் சார்பற்ற’ என்னும் சொல் 1976இல் முகவுரையில் சேர்ந்தது. சமயச் சார்பின்மை அரசியல் சட்டத்தின் அடிப்படை அம்சம் என 1994இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், எழுதிய சட்டம் மட்டும் போதாது. மும்பையின் தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய இந்துக்களும், முஸ்லிம்களும், கிறிஸ்தவர்களும் ஒரே சந்துகளில் வாழ்கின்றனர். 1992-93ஆம் ஆண்டுக் கலவரங்களில் இப்பகுதியும் பற்றியெரிந்தது. நகரில் 900 பேர் மாண்டனர். காவல்துறையில் நிலவிய பாரபட்சத்தை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் வெளியான அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அரசுக்கு மதம் இல்லாதிருந்தும், அதன் ஊழியர் நடுநிலை பிறழ்ந்தால் விளையும் கேடு இத்தகையது. அரசே ஒரு மதத்தைச் சார்ந்துவிட்டால், பிற மதத்தினர் நீதி கேட்டு எங்கே செல்வர்? பின்னர் பல்வேறு மதத்தினரும் காவல்துறையினரும் கூடியமர்ந்த மொகல்லாக் குழுக்களே தாராவியில் நம்பிக்கையை மீட்க உதவின. சட்டம் வகுத்த நடுநிலையைத் தெருவில் நிலைநாட்டுவது அதிகாரிகளும் குடிமக்களும் ஒருங்கே ஏற்க வேண்டிய கடமையாகும்.