மை இருந்தும் எழுதாத அச்சுப்பொறி

மைசூருக்கும் மைக்கும் பெயரளவில் தொடர்பு இல்லை. பழந்தமிழில் வரும் எருமையூர் இதுவே என்பர் அறிஞர். ஆனால் தொழிலளவில் தொடர்பு உண்டு. 1937இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம்தான், 1962 பொதுத்தேர்தல் தொட்டு வாக்காளர் விரலில் வைக்கும் அழியாத மையைத் தயாரித்துத் தருகிறது. ரூபாய் நோட்டு அச்சகமும் இவ்வூரில் உண்டு. நோட்டுக்கான மை செய்யும் 'வர்ணிகா' ஆலையும் 2022இல் இங்கே வந்துவிட்டது. இத்தகைய ஊரில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மைப்பெட்டியால் நான் பட்ட பாட்டையும், அதனால் தெரிந்துகொண்டதையும் அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அது ஒரு மார்ச் மாதக் கடைசி. ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய கணக்குப் பிரதிகளைக் கடை பிரிண்டரில் எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் "அப்டேட் செய்யலாமா?" என்று ஒரு கேள்வி வந்தது. பேரன் "சரி" என்று தட்டிவிட்டான். பிரிண்டர் அணைந்து மீண்டும் உயிர் பெற்றது. அதன் பிறகு ஒரு தாள்கூட வரவில்லை. முந்தின நாள் வரை நன்றாக ஓடிய கார்ட்ரிஜை "ஏற்க இயலாது" என்றது.

கார்ட்ரிஜ் விற்ற இளைஞரிடம் நேரே போனேன். "என்னப்பா, டூப்ளிகேட் சரக்கைக் கொடுத்து ஏமாத்திட்டியே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியை எடை பார்த்தார். "இங்க் இதெ சார், பிரிண்டர் ஒப்தா இல்ல" என்றார். மை இருக்கிறது, பிரிண்டர்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று பொருள். அவர் சொன்னது உண்மை. நான் சொன்னதுதான் தவறு. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

மைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சில்லு

கார்ட்ரிஜின் ஓரத்தில் செம்பு நிறக் கோடுகளோடு நகக்கண் அளவில் ஒரு சில்லு இருக்கும். தான் எந்த வகை, எவ்வளவு மை செலவாயிற்று என்பதை அது நினைவில் வைத்திருக்கும். பிரிண்டர் அதனிடம் ஒரு கேள்வி கேட்கும். சில்லு சரியான விடை சொன்னால்தான் வேலை நடக்கும். கோட்டை வாசலில் அடையாளச் சொல் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு கம்பெனிக்காரர்கள் இந்த விடையை ஆராய்ந்து தங்கள் சில்லில் பதித்து விற்கிறார்கள்.

கேள்வி கேட்பது பிரிண்டருக்குள்ளே நிலையாகப் பதிந்திருக்கும் நிரல். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இணையம் வழியாக அதைப் புதுப்பிக்கும்போது கேள்வியை மாற்றிவிட முடியும். பழைய விடையை மட்டும் அறிந்த சில்லு அப்போது வெளியே நிற்கும். மையின் தரத்தை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. அடையாளச் சொல்லை மட்டும்தான் பார்க்கிறது.

உலகில் நடந்தவை

2016 செப்டம்பர் 13 அன்று எச்.பி. கம்பெனியின் சில ஆபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் பிறர் கார்ட்ரிஜ்களை மறுத்தன. எதிர்ப்பு வலுக்கவே, சரியாகத் தெரிவிக்காததற்கு வருத்தம் சொல்லி, அந்தத் தடை இல்லாத ஃபர்ம்வேரைத் தருவதாக அம்மாதக் கடைசியில் கம்பெனி அறிவித்தது. ஆனால் அந்த முறையை அடியோடு கைவிடவில்லை. 2020 டிசம்பரில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம், வாங்குவோருக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அதே கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில், கார்ட்ரிஜை விற்றதோடு அதன் மேல் கம்பெனிக்குள்ள காப்புரிமையும் தீர்ந்தது என்றது. எனவே மறுபடி மை நிரப்பி விற்பவரைக் காப்புரிமை காட்டித் தடுக்க முடியாது. ஆனால் சட்டம் திறந்த கதவைச் சில்லு சாத்திவிடலாம்.

இன்னொன்று வேடிக்கையானது. 2022 தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, கேனன் கம்பெனி தன் சில அலுவலகப் பிரிண்டர்களுக்கான டோனரைச் சில்லு இல்லாமலே விற்க நேர்ந்தது. திரையில் வரும் எச்சரிக்கையை எப்படித் தாண்டிப் போவது என்று கம்பெனியே சொல்லிக் கொடுத்தது!

எது களவு?

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் எடுக்கிறார்கள். மட்டமான மை நுண்துளைகளை அடைப்பதும் உண்மைதான்.

உமாசுவாமி முனிவரின் தத்வார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார் கொள்ளும் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் இரண்டு வியாபாரிக்கு நேரே பொருந்தும். ஒன்று, நல்ல சரக்கு என்று போலியை விற்பது. மற்றொன்று, அளவையில் வஞ்சிப்பது. பெரிய கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் போட்டு விற்கும் டூப்ளிகேட் முதல் குற்றத்தில் அடங்கும். தன் பெயரை அச்சிட்டு 'இது பொருந்தும்' என்று விற்கும் கம்பேட்டிபிள் சரக்கு அதில் அடங்காது. அந்த இளைஞர் விற்றது இரண்டாவது வகை. அதைத்தான் நான் களவு என்றேன். விற்றுப் பணம் வாங்கிய பின், சொல்லாமல் கொள்ளாமல் பொருளின் குணத்தை மாற்றுவதை எதில் சேர்ப்பது? படியைப் பின்னாலே சுருக்குவதற்குச் சமம் என்றே எனக்குப் படுகிறது.

என்ன செய்யலாம்?

வாங்கும்போதே "பிறர் கார்ட்ரிஜ் ஏற்குமா?" என்று கேளுங்கள், பெட்டியில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். தானாக அப்டேட் ஆவதை அமைப்பில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்களும் வரும் என்பதால், அலுவலக நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டருக்கு இது நல்லதல்ல. பல பிரிண்டர்களில், கம்பெனி கார்ட்ரிஜையே அதன் பழைய சில்லோடு மை நிரப்பிப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். நிறைய அச்சிடுவோருக்கு, புட்டியிலிருந்து ஊற்றும் டேங்க் வகை சிக்கனம். 2010இல் எப்சன் கம்பெனி இதை முதலில் இந்தோனேசியாவில் விற்றது. குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பொருளைப் பற்றி அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

எங்கள் சமயத்தில் தசலட்சண பர்வம் முடிந்ததும் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அதுவரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. விஷயம் விளங்கிய மறுநாளே அந்தக் கடைக்குப் போய், அங்கே இருந்தவர்கள் காதில் விழும்படி, "தம்பி, உங்க மேல தப்பில்ல, நான்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். "பரவால்ல சார், எல்லாரும் எங்களைத்தான் முதல்ல கேப்பாங்க" என்றார் அவர். பிரிண்டர் நின்றால் இனி அன்பர்கள் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், முந்தின நாள் அப்டேட் ஏதும் ஆனதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.