முன்னறை, பின்னறை, ஒரே எண்

மகளுக்கு அடிக்கடி வீசிங் வரும். எங்கள் வீடு வேளச்சேரியில், பஸ்ஸும் தண்ணி லாரியும் ஓயாத மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. அவள் தூங்குவது ரோட்டைப் பார்த்த அறையில். "பின்னாடி ரூமுக்கு மாத்திடலாமாங்க?" என்று மனைவி கேட்டார். "அளந்து பார்த்துட்டு சொல்றேன்" என்றேன். இன்ஜினியர் புத்தி!

ஆன்லைனில் பிளான்டவர் பிஎம்எஸ் 5003 சென்சார் வாங்கி, இரண்டு அறையிலும் மாற்றி மாற்றி வைத்தேன். பிஎம் 2.5 அளவில் பெரிய வித்தியாசமே இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். தப்பு. சென்சார் பொய் சொல்லவில்லை, ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டி ஃபேன், ஒரு லேசர், ஒரு ஒளி உணரி. ஃபேன் இழுக்கும் காற்றில் உள்ள துகள் லேசரைக் கடக்கும்போது ஒளி சிதறும். அதை வைத்துத் துகளின் பருமனை ஊகித்து, கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டுத் தருகிறது. எதையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. (மார்கழிக் காலையில் எண் எகிறுவதற்கும் இதுதான் காரணம். துகள்கள் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கும். அரசு நிலையங்களில் உள்ள கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டு அளக்கும். நம்முடையதில் அந்த வசதி கிடையாது.)

0.3 மைக்ரானுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாகிவிட்டால், சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 0.3-இலிருந்து 0.1-க்கு இறங்கினால் சுமார் 700 மடங்கு மங்கல்.

டீசல் புகைத் துகள்களில், எண்ணிக்கைப்படி பார்த்தால், பெரும்பாலானவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை! சரி, நிறுத்தாவது பார்க்கலாமா என்றால் அதுவும் உதவாது. 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 0.1 மைக்ரான் துகள்கள் 15,625 வேண்டும் (25-இன் கனம்). ஊர் முழுக்கப் பரவி நிற்கும் தூசியின் எடையில் வண்டிப் புகை காணாமல் போய்விடும். எனக்கு இரண்டு அறையும் ஒன்றாகத் தெரிந்தது அதனால்தான்.

எடையை விட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் படமே வேறு. லாஸ் ஏஞ்சலிஸின் 405 நெடுஞ்சாலை அருகே எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. ஆல்கஹால் ஆவியைத் துகள்மேல் படியவைத்து, பெரிதாக்கி எண்ணும் கருவி. ரோட்டருகே மலைபோல் இருந்த எண்ணிக்கை, 300 மீட்டர் தள்ளிப் போனதும் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் அறைகளுக்கு நடுவே பத்து மீட்டர்கூட இல்லைதான். ஆனால் அந்தச் சரிவு ரோட்டை ஒட்டிய பகுதியில்தான் செங்குத்து. நடுவில் எங்கள் கட்டடமே ஒரு மறைப்பு.

அந்தக் கருவி லட்சங்களில் விலை. அதனால் அளக்காமலேயே கட்டிலைப் பின்னறைக்கு நகர்த்தினோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். முன்னறையில் இப்போது என் மேஜை. சென்சாரும் அங்கேயே ஓடுகிறது. பக்கத்து மனையில் குப்பை கொளுத்தினால் உடனே கண்டுபிடித்துவிடும், அந்த வேலைக்கு அது கெட்டி.