சிவப்பாய் ஒளிரும் தங்கம்

தங்கம் என்ன நிறம்? மஞ்சள் என்பீர்கள். "எப்போதுமே மஞ்சள்தானா?" என்று உங்களில் ஒருவராவது கேட்டிருப்பீர்களே! அந்தக் கேள்விக்கு ஒரு சபாஷ்.

25 தங்க அணுக்கள் மட்டும் ஒன்றுசேர்ந்தால் அதைத் தங்க நானோ கொத்து என்கிறோம். அதன் அகலம் ஏறக்குறைய 1 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு! இந்தக் கொத்துகள் உள்ள கரைசலின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும்.

மோதிரம் ஏன் அப்படி ஒளிர்வதில்லை? ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலே ஏறும், பிறகு இறங்கும். பெரிய தங்கத்தில் அது சறுக்குமரத்தில் வழுக்கி வருவதுபோல இறங்கும். ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும். குட்டிக் கொத்தில் சறுக்குமரம் இல்லை, உயரமான படிதான் உண்டு. குதித்தே ஆக வேண்டும். குதிக்கும்போது விடுகிற ஆற்றல்தான் ஒளி. புரிகிறதா? இல்லையென்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள், அவசரமே இல்லை.

2009இல் சிங்கப்பூரில் ஜியான்பிங் ஷியே, ஜாக்கி யிங் ஆகியோரின் குழு இப்படி ஒளிரும் கொத்தை அழகாகச் செய்து காட்டியது. மாட்டு ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு தங்க உப்புக் கரைசலைக் கலந்தார்கள். கொஞ்சம் காரக் கரைசல் சேர்த்தார்கள். நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தார்கள். அவ்வளவுதான்! புரதமே கொத்தை உருவாக்கி, அதைப் பொதிந்தும் வைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றையும் காட்டியது. தண்ணீரில் பாதரச அயனி இருந்தால், அது கொத்தின் மேற்பரப்பிலுள்ள தங்க அயனியோடு பிணைந்துகொள்ளும். உடனே ஒளி மங்கும். பாதரசம் கூடக்கூட இன்னும் மங்கும். அவர்கள் சோதித்த மற்ற உலோக அயனிகளுக்கு ஒளி அப்படி மங்கவில்லை. கொத்துக் கரைசலில் தோய்த்த தாள்பட்டையும் போதும், சோதித்துவிடலாம்.

பாதரசத்தை ஏன் தேட வேண்டும்? ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசச் சேர்மம் கடலில் கலந்து, மீன் வழியாக மக்களின் உடம்புக்குள் போனது. நரம்புகள் கெட்டன, குழந்தைகளும் துன்பப்பட்டார்கள். அந்த நோய் 1956இல்தான் வெளியே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய காரியம், பாருங்கள்!

தங்கக் கொத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொச்சியில் ஆய்வாளர்கள் கொத்தோடு ஃபோலிக் அமிலத்தை இணைத்தார்கள். சில புற்றுநோய்ச் செல்கள் அந்த அமிலத்தை ஆவலோடு பிடித்துக்கொள்ளும். கூடவே கொத்தும் ஒட்டி, செல்லைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. குளத்துத் தண்ணீரில் தாள்பட்டையை நனைத்தீர்கள். ஒளி மங்கவே இல்லை. "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்" என்று சொல்லிவிடலாமா? நன்றாக யோசித்து, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.