பலாலி வான்தளத்தைச் சூழ்ந்த கைவிடப்பட்ட குடியிருப்புகள்

பலாலி வான்தளத்தைச் சூழ்ந்த கைவிடப்பட்ட குடியிருப்புகள் என்பன, இலங்கையின் வட மாகாணத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் வடக்குப் பிரிவிலும் அதனை ஒட்டிய வலிகாமம் கிழக்கின் சில பகுதிகளிலும் 1990 ஆம் ஆண்டு முதல் மக்களின்றிப் போன வீடுகளையும் ஊர்களையும் குறிக்கும். பலாலி, மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, காங்கேசன்துறை, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி முதலிய ஊர்கள் இவற்றுள் அடங்கும். ஈழப்போர்க் காலத்தில் இப்பகுதி "உயர் பாதுகாப்பு வலயம்" என அழைக்கப்பட்டது. பொதுவாக, வான்படைத் தளம் மூடப்படும்போதே அதன் குடியிருப்புகள் வெறுமையாகின்றன. இங்கோ தளம் தொடர்ந்து இயங்கியது. அதனைச் சூழ்ந்திருந்த ஊர்களே வெறுமையாயின.

வான்தளமும் ஊர்களும்

பலாலி வான்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையினால் அமைக்கப்பட்டது. இது யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போர் முடிந்தபின் 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து இவ்வழியாகச் சென்னைக்கு வானூர்திச் சேவையைத் தொடங்கியது.

தளத்தைச் சூழ்ந்த நிலம் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் படிந்த செம்மண் நிலமாகும். கிணற்று நீரைக் கொண்டு வெங்காயம், புகையிலை, வாழை முதலியவை பயிரிடப்பட்டன. மயிலிட்டி மீன்பிடித் துறையாகவும், காங்கேசன்துறை துறைமுகத்தையும் சீமெந்துத் தொழிற்சாலையையும் கொண்ட நகரமாகவும் விளங்கின. குரும்பசிட்டி, ஈழகேசரி இதழை நிறுவிய நா. பொன்னையா பிறந்த ஊராகும்.

இடப்பெயர்வு

1990 ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. தளத்தைச் சுற்றி நடந்த சண்டையினாலும் குண்டுவீச்சினாலும் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என எண்ணியே பலர் கையில் கிடைத்தவற்றோடு புறப்பட்டனர். உறவினர் வீடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் தங்கிய இவர்களிற் பலர் பின்னர் மல்லாகம், சுன்னாகம், கோணப்புலம் முதலிய இடங்களிலிருந்த நலன்புரி முகாம்களில் வாழ்ந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, இவர்கள் இரண்டாம் முறையாகப் புறப்பட நேர்ந்தது.

வலயம் விரிந்ததற்கான காரணங்கள்

ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்த காலங்களில் குடாநாட்டிலிருந்த படையினருக்கான வழங்கல் பலாலி வான்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையுமே நம்பியிருந்தது. எறிகணை வீச்செல்லைக்கு வெளியே ஓடுபாதையை வைத்திருக்க வேண்டுமாயின், அதனைச் சுற்றிப் பல கிலோமீட்டர் நிலம் படையினரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். தாழப் பறந்து இறங்கும் வானூர்திகளுக்கும் ஆபத்து இருந்தது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் இரண்டு அவ்ரோ வானூர்திகள் பலாலிக்கு அருகே ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டன. இக்காரணங்களால் வலயம் ஓடுபாதைக்கு அப்பால் பல ஊர்களை உள்ளடக்கியதாக அமைந்தது.

வீடுகளின் நிலை

பராமரிப்பில்லாத வீட்டில் முதலிற் சிதைவது கூரையாகும். ஓடுகளும் பனஞ்சிலாகைகளும் நீங்கியபின் மழைநீர் சுவர்களில் இறங்குகிறது. சுவர் வெடிப்புகளில் ஆலும் அரசும் வேரூன்றுகின்றன. விடுவிக்கப்பட்ட ஊர்களுக்குச் சென்ற மக்கள் பல வீடுகளைக் கூரை, கதவு, யன்னல் எதுவுமின்றிச் சுவர்களாகவே கண்டனர். சில இடங்களில் கட்டடங்கள் முற்றாக இடிக்கப்பட்டு நிலம் சமதரையாகக் கிடந்தது. வேலிகளும் ஒழுங்கைகளும் மறைந்துபோனமையால், தமது வளவு எது என்பதைக் கிணறு, கோயில், பழைய மரம் ஆகியவற்றைக் கொண்டே பலர் அடையாளங்காண வேண்டியிருந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்ட பின்னரே குடியேற்றம் சாத்தியமாகியது.

உரிமைச் சிக்கல்கள்

யாழ்ப்பாணத் தமிழரிடையே தேசவழமைச் சட்டம் வழக்கிலுள்ளது. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக வழங்கப்படுவது இங்குள்ள மரபாகும். ஆகவே ஒரு வீட்டின் இழப்பு அடுத்த தலைமுறைப் பெண்ணின் சொத்திழப்பாகவும் ஆயிற்று. உரிமையாளர் இறந்துவிட, வாரிசுகள் பல நாடுகளில் வாழ்வதும், உறுதிகள் தொலைந்துபோனதும் உரிமையை நிறுவுவதைக் கடினமாக்கின.

இலங்கைச் சட்டப்படி, ஒருவரின் காணியை இன்னொருவர் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம். போரினால் தமது காணிக்குச் செல்ல முடியாதவர்கள் இதனால் பாதிக்கப்படாதிருக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இக்கணக்கிற் சேர்க்காதிருக்க இச்சட்டம் வழிசெய்தது.

சுவீகரிப்பும் மீளளிப்பும்

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. 2011 ஆகஸ்ட் மாதத்தில் அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்தது. எனினும் 2013 ஏப்ரலில், வலிகாமத்தில் 6,381 ஏக்கர் நிலத்தைப் படைத்துறைத் தேவைக்காகச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணி உரிமையாளர்கள் இதனை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர்.

2015 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி வானூர்தி நிலையம் யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதி கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டது. எனினும் அவ்வாண்டிலும் விடுவிக்கப்படாத காணிகள் இருந்தன.

பிற இடங்களுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்த ஜோர்ஜ் வான்படைத் தளம் 1941 இல் தொடங்கப்பட்டு 1992 இல் மூடப்பட்டது. வானோடிகளின் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அதன் வீடுகள் வெறுமையாக நின்றன. 2007 நவம்பர் 3 அன்று அவ்வெற்றுத் தெருக்களில் ஓட்டுநரற்ற தானுந்துகளுக்கான போட்டி நடைபெற்றது. தமிழ்நாட்டில், தென்காசிக்குக் கிழக்கேயுள்ள கயத்தாறிலும் சென்னைக்கு அருகே சோழவரத்திலும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதைகள் உள்ளன. சோழவரம் ஓடுபாதை பின்னர் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயக் களமாகப் பயன்பட்டது.

ஜோர்ஜ் தளத்து வீடுகள் அரசு கட்டியவை. அங்கு வாழ்ந்தோர் பணிமாற்றத்துடன் வேறு தளங்களுக்குச் செல்லும் படையினர் குடும்பங்கள். வலிகாமம் வடக்கின் வீடுகளோ தலைமுறைகளாக வாழ்ந்தோரின் சொந்தச் சொத்துகள். இதனாலேயே அங்கு கட்டடங்களை என்ன செய்வது என்பதும், இங்கு உரியவர்கள் எப்போது திரும்புவது என்பதும் கேள்விகளாயின.