பேசி முடிக்க முடியாத கடன்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து வெடித்தாலும், அம்பத்தூர்ப் பட்டறையில் பவர் பிரஸ் விரல்களை நறுக்கினாலும், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, சில வேளை பிணவறை வாசலிலேயே, முதலாளி தரப்பும் ஊர்ப் பெரியவர்களும் கூடி ஒரு தொகையைப் பேசி முடிப்பார்கள். 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கப்படும். முதலாளி மனமிரங்கிக் கொடுத்தார் என்றே அந்தக் குடும்பமும் நம்பும். அந்த நம்பிக்கை குடும்பத்துக்குப் பல லட்சம் ரூபாய் நட்டத்தைத் தருகிறது. வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் சாவுக்கும் உரிய இழப்பீடு, சட்டப்படி முதலாளி பட்ட கடன். அது எவ்வளவு என்பதற்குச் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது.

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தக் கடனை நிலைநாட்டியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் கணக்கின் அடிப்படை மாறவில்லை. இறந்தால் மாத ஊதியத்தில் பாதி, முழுமையான நிரந்தர ஊனமென்றால் 60 சதவீதம். அதை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்தக் காரணி 207.98. மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 30 வயதுக்காரர் இறந்துபோனால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்க, 15,59,850 ரூபாய் வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் பேசப்படும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலமைச்சர் அறிவிக்கும் நிவாரணம் இதில் சேராது. அரசு கொடுப்பதைக் காட்டி முதலாளி தன் பங்கைக் குறைத்துக்கொள்ள முடியாது. காயத்துக்கான வைத்தியச் செலவும் முதலாளியுடையதே.

ஊனத்தை அளப்பதில்தான் தொழிலாளி அதிகம் ஏமாறுகிறார். சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம் என்பதுபோல உறுப்புவாரியாக அளவு உண்டு. ஆனால் கணக்கில் நிற்க வேண்டியது உழைத்துச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதே. தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்தபோது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கு 1970-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. போனது ஒரு கை, ஆகவே இது பகுதி ஊனம் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது நீதிமன்றம். இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுபட வேண்டியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்லியது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விழுவது இதனால்தான். பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ், கல் குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் போன்ற தொழில்நோய்களும் விபத்துக் காயமாகவே கொள்ளப்படும்.

'கவனமில்லாமல் கையை விட்டது அவன்தானே?' என்ற கேள்வி எல்லாப் பேச்சுவார்த்தையிலும் எழும். இழப்பீடு யார் குற்றம் என்று பார்த்துக் கொடுப்பதல்ல. கவனக்குறைவு ஒருபோதும் தடையாகாது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், தெரிந்தே பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றுதல் ஆகியவையே விதிவிலக்கு. சாவோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அவையும் செல்லாது. பத்து மணி நேரம் ஒரே அசைவைச் செய்யும் கை ஒரு நொடி தவறத்தான் செய்யும். அந்த ஆபத்து, லாபம் எடுப்பவரின் தொழிலோடு சேர்ந்தது. 'காண்ட்ராக்டர் ஆள், எனக்குச் சம்பந்தமில்லை' என்பதும் நிற்காது. தன் தொழிலுக்குரிய வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்ட முதலாளியிடமே நேரடியாகக் கேட்கலாம்.

சிறு பட்டறைக்காரர் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவார் என்பது நியாயமான கவலை. அதற்காகவே இன்சூரன்ஸும் இ.எஸ்.ஐ.யும் இருக்கின்றன. இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவருக்குக் காயம் ஆறும்வரை ஊதியத்தில் சுமார் 90 சதவீதமும், இறந்தால் குடும்பத்துக்கு மாதந்தோறும் தொகையும் இ.எஸ்.ஐ. கழகமே தரும். அப்போது முதலாளியிடம் தனி இழப்பீடு கேட்க முடியாது. முதலாளி பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும் தொழிலாளி உரிமை இழப்பதில்லை. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும்.

என்னைக் கொஞ்சம் தயங்கவைக்கும் வாதம் ஒன்று உண்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், வீட்டில் இன்று அரிசி வேண்டும். உண்மைதான், மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய மனுக்கள் அப்படி முடிவதில்லை. அதனால் கொடுக்கும் பணத்தை மறுக்கச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாலும் உரிமை போகாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய தாள் செல்லாது. இறந்தவரின் குடும்பத்துக்கு முதலாளி நேராகக் கொடுப்பதில் மூன்று மாத ஊதியம் வரையிலான முன்பணத்தைத்தான் கழிக்கலாம், மற்றது இழப்பீடாகாது. மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வேலை வெளியூரில் நடந்திருந்தாலும் சொந்த மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பாராமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதியும்போது 'வீட்டில் விழுந்தார்' என்று சூப்பர்வைசர் சொல்ல விடாதீர்கள். வேலை இடத்தில் நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள்.

பேசி முடிக்கக் கூப்பிடப்படும் ஊர்ப் பெரியவர்களுக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உட்காருவதற்கு முன் இறந்தவரின் வயதையும் சம்பளத்தையும் கேளுங்கள். அந்தப் பெருக்கலைப் போட்டு, வந்த எண்ணை அவர் மனைவியிடம் சொல்லுங்கள்.