தானாக விரியும் மாற்றுக் குடை

மைசூரு தேவராஜ மொஹல்லாவிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் மண்டகள்ளி விமான நிலையம். தசரா சமயத்தில் அங்கே ஸ்கைடைவிங் நடந்ததுண்டு.

குதிப்பவர் முதுகில் பாராசூட் ஒன்றல்ல, இரண்டு. முதல் குடை விரியாவிட்டால் மாற்றுக் குடை. அதைப் பாராசூட் மடிக்க உரிமம் பெற்ற ‘ரிக்கர்’தான் மடிக்கலாம். மடித்ததும் மூடும் ஊசியில் சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை இடுவார். அமெரிக்க விதிப்படி நைலான் குடையை 180 நாளுக்குள் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்தாக வேண்டும்.

குதித்தவர் மயங்கிவிட்டால்?

அதற்காகவே 1991இல் ஜெர்மனியிலிருந்து சைப்ரஸ் கருவி வந்தது. காற்றழுத்தத்தை இடைவிடாமல் அளக்கும். தனியாகக் குதிப்பவர் சுமார் 750 அடி உயரத்திலும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், குட்டிக் கத்தி ஒன்று மாற்றுக் குடையை மூடிவைத்திருக்கும் கயிற்று வளையத்தை அறுத்துவிடும். குடை வெளியே பாயும். குதிக்கப் பணம் கட்டுமுன் இந்தக் கருவி இருக்கிறதா, மாற்றுக் குடை கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது என்று கட்டாயம் கேளுங்கள்.